மூன்று துவக்குகளில் ஒன்று என்னுடையது

என் பெயரில், அரசாங்க அனுமதியோடு, ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நான் பாடசாலையில் தையல் படிப்பித்தவள். விரலில் ஊசி குத்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

துவக்கு என் மாமனாருடையது. வாவிக்கரையில் தென்னந்தோட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், தோட்டத்துக்கென்று ஒரே நேரத்தில் வாங்கிய மூன்று துவக்குகளையும் தன் நாட்டுக்குத் திரும்பும்போது மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். விசைக்குக் கீழே நாலு விரல் நுழைகிற மாதிரி ஒரு இரும்பு வளைவு இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த ரவை உள்ளே ஏறும். அப்போது ‘கிளக், கிளக்’ என்று இரண்டு சத்தம் வரும். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே எங்கள் வயல் வட்டையில் இறங்குகிற காட்டுப்பன்றிகளுக்கு அந்தச் சத்தமே போதும். மாமனாருக்குப் பிறகு என் கணவர் அதை வைத்திருந்த காலத்தில் மொத்தமாக மூன்று தரம்தான் வெடி தீர்த்திருப்பார். மூன்றும் பன்றிக்குப் படவில்லை.

அவர் கட்டாருக்கு வேலைக்குப் போக ஆயத்தமானபோது, வெளிநாட்டில் இருக்கிறவர் பெயரில் துவக்கு இருக்க ஏலாது என்றார்கள். அதனால் அனுமதிப்பத்திரத்தை என் பெயருக்கு மாற்றினோம். விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் தையல் ஆசிரியை என்றும், ‘துவக்கு தேவைப்படும் காரணம்’ என்ற இடத்தில் பன்றி என்றும் நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்த எழுதுவினைஞர் அந்த இரண்டு வரிகளையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த பார்வையில், துவக்கின் இலக்கம் எழுத வேண்டிய இடத்தில் அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தையே திரும்பவும் எழுதிவிட்டார். அது எங்களுக்குத் தெரிய வர வருடங்கள் ஆகின.

என் கணவர் விமானம் ஏறி ஒரு மாதத்துக்குள் சண்டை பெரிதாகி, அனுமதி பெற்ற துவக்குகள் எல்லாவற்றையும் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. நான் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

பிறகு எத்தனையோ நடந்தது. வாவிக்கு மேற்கே நாங்கள் இருந்த படுவான்கரை இயக்கத்தின் கையில், கிழக்கே எழுவான்கரை இராணுவத்தின் கையில் என்று ஆயிற்று. இடையில் பேச்சுவார்த்தை என்று சொல்லிச் சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில், ஒருநாள் கிராம சேவகரான விதானையார் ஒரு அரசாங்கக் கடிதத்தோடு வந்தார். காட்டு விலங்குகளால் வேளாண்மை அழிவதால் விவசாயிகள் தங்கள் துவக்குகளைப் பெற்றுச் செல்லலாம் என்று கடிதத்தில் இருந்தது. 

“எனக்கு வேணா,” என்றேன்.

“எடுக்காட்டி, ஏன் எடுக்கல்ல எண்டு அங்கால உள்ளவனுகள் கேப்பானுகள்,” என்றார் விதானையார்.

“எடுத்தா?”

“எடுத்தா, என்னத்துக்கு எடுத்த எண்டு இஞ்ச உள்ளவனுகள் கேப்பானுகள்.”

“அப்ப நான் என்ன செய்யிற?”

அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “எடுங்க டீச்சர். ஆனா எடுத்த மாதிரி இருக்கப்படாது.”

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே அடுத்த நாள் வாவியைக் கடந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் வாங்கில் எனக்கு முன்னமே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, தொப்பி, மடித்த குடை. ஏறாவூரில் அரிசி மில் வைத்திருக்கிற ஹாஜியார். அவருக்கும் வயல் இருந்தது. வெள்ளைக்காரரின் மூன்று துவக்கில் இன்னொன்று அவருடைய தகப்பனிடம் போனது. மூன்றாவது ஆள் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார் என்று அவர்தான் சொன்னார்.

பொறுப்பாக இருந்த பொலிஸ் சார்ஜன்ட், எங்கள் வாயில் சாஜன், ஒரு சிங்களவர். கிழக்கிலேயே நெடுங்காலம் வேலை செய்து தமிழ் பழகியவர். ஒரு மேசையில் மூன்று துவக்குகளையும் வரிசையாகக் கிடத்தி, “டீச்சர், இதில ஒங்கட எது?” என்று கேட்டார்.

மூன்றும் ஒன்றுபோல இருந்தன. பெயர் எழுதிக் கட்டியிருந்த துண்டுகளைக் கறையான் தின்றுவிட்டது. வெள்ளத்தில் களஞ்சியத்துக்குள் தண்ணீர் வந்து, இலக்கம் பொறித்திருந்த இடங்களில் துரு ஏறியிருந்தது. என் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தபோதுதான் எழுதுவினைஞரின் பிழை வெளியே வந்தது. ஹாஜியாரின் பத்திரத்தை எலி கடித்து, இலக்கம் இருந்த மூலை இல்லை.

நான் தையற்காரியின் கண்ணால்தான் பார்த்தேன். ஒரே அளவில் வெட்டி, கழுத்தை மட்டும் மாற்றித் தைத்த மூன்று சட்டைகள் மாதிரி. முதலாவதின் குழாய் எட்டுப் பட்டை. தோளில் வைக்கிற மரக்கட்டை பிறை மாதிரி உள்ளே வளைந்திருந்தது. மற்ற இரண்டின் குழாயும் உருண்டை, கட்டையும் தட்டை. ஆனால் இரண்டாவதின் இடப்பக்கத்தில் மோதிரம் அளவில் ஒரு இரும்பு வளையம் தொங்கியது. மூன்றாவதில் அது இல்லை.

“இந்த வளையம் என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“குதிரையில கட்டுறதுக்காக்கும்,” என்றார் ஹாஜியார்.

“உங்கட எது?”

“எனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்? காவல்காரன்தான் வெச்சிருந்த. கறுப்பா இரிக்கும்.”

மூன்றும் கறுப்பாகத்தான் இருந்தன. சாஜன் ஒரு கிழமை தவணை கொடுத்தார். வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், பிழையான ஆளிடம் பிழையான துவக்கைக் கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்றார். 

கட்டாருக்குக் கடிதம் போய் வர இரண்டு மாதம் ஆகும். அதனால் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போனேன். உள்ளே நின்று பேசக் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் கிடையாது. மேசையில் போன், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் யார் யாருடைய ஆள் என்று தெரியாது. துவக்கு என்ற சொல்லை அந்தக் கடைக்குள் சொல்ல ஏலாது. வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன், பசு என்று சொல்வது என்று.

“ஹலோ, இஞ்சேருங்க, நான்தான். எல்லாரும் சுகம். நம்மட பசு திரும்பக் கிடைச்சிருக்கு.”

“என்ன பசு?”

“முந்தி நீங்க வளர்த்த பசு. பொலிசில கட்டி வைச்சிருந்த.”

“பொலிசில பசு கட்டி வைச்சிருந்ததா? நமக்கு எப்ப பசு இருந்த?”

“உங்கட அப்பாட பசு. வெள்ளைக்காரன் குடுத்த பசு.”

“உனக்கென்ன காய்ச்சலா?” என்றார்.

“அதுட கழுத்து உருண்டையா, எட்டுப் பட்டையா?”

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

“எட்டுப் பட்டையில பசுவா?”

“பன்றியக் கண்டா ரெண்டு தரம் சத்தம் போடுமே, அந்தப் பசு.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. “ஓ, அந்தப் பசுவா. அதுக்கு நீதானே பூப்போட்ட துணியில சட்டை தைச்ச.”

“ஓம், ஓம். கழுத்துச் சொல்லுங்க.”

“உருண்டை எண்டுதான் நினைக்கன்.”

“வளையம் கிடந்ததா?”

“கிடந்த மாதிரியும் கிடக்கு. இல்லாத மாதிரியும் கிடக்கு.” அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

வெளியே வரும்போது வரிசையில் நின்ற ஒரு மனுசி என் கையைப் பிடித்து, “தங்கச்சி, அந்தப் பசு எத்தினை லீற்றர் கறக்கும்?” என்று கேட்டாள்.

“கறக்காதக்கா. சும்மாதான் நிக்கும்,” என்றேன்.

ஆனாலும் அந்தப் போன் வீண்போகவில்லை. அவர் சொன்ன பிறகுதான் உறை ஞாபகத்துக்கு வந்தது. தூசி படாமல் இருக்கவென்று பழைய யன்னல் சீலையில், நீலப்பூப் போட்டது, துவக்குக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தேன். ஒப்படைக்கும்போது பொலிசார் துணியை வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள். அது பெட்டகத்தின் அடியில் கிடந்தது. அளவு பார்த்துத் தைத்தது, ஆகவே எந்தத் துவக்குக்குப் பொருந்துகிறதோ அதுதான் என்னுடையது.

அடுத்த கிழமை உறையோடு போனேன். சாஜனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. விசாரணை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது போல இன்னும் இரண்டு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, தானே ஒவ்வொரு துவக்காக எடுத்து உறைக்குள் நுழைத்தார். எட்டுப் பட்டைத் துவக்கின் பிறைக்கட்டையின் கூர் துணியில் மாட்டிக்கொண்டு, பாதிக்கு மேல் போகவில்லை. அதைத் திருப்பிப் பார்த்தபோது மரத்தில் இரண்டு எழுத்துக் கீறியிருந்தது. கனடாக்காரரின் பெயரின் முதல் எழுத்துகள்தான் என்றார் ஹாஜியார். அது தீர்ந்தது.

மற்ற இரண்டும் உறைக்குள் அழகாகப் பொருந்தின. என் தையல் அவ்வளவு சுத்தம்.

“இப்ப எப்பிடி?” என்றார் சாஜன், முகம் வாடி.

ஹாஜியார் எழும்பி வந்து, வளையம் இல்லாத துவக்கை எடுத்து அந்த இரும்பு வளைவைத் தள்ளிப் பார்த்தார். ‘கிளக், கிளக்’ என்று எண்ணெய் போட்டது போலப் போய் வந்தது. வளையம் உள்ளதை எடுத்துத் தள்ளினார். பாதியில் நின்றுவிட்டது. சாஜன் தள்ளினார். ஒரு பொலிஸ்காரர் காலால் மிதித்துப் பார்த்தார். அசையவில்லை.

நான் உடனே, “சாஜன் ஐயா, இறுகின துவக்குத்தான் என்ட. நல்லா ஞாபகம் வருது,” என்றேன்.

ஹாஜியார் அதே நேரத்தில், “இறுகினது என்ட மாதிரித்தான் எனக்கும் கிடக்கு,” என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருடைய கணக்கும் ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. வேலை செய்கிற துவக்கைத் தேடி எந்தப் பக்கத்து ஆளும் வீட்டுக்கு வருவான். இறுகிப்போன இரும்பைத் தேடி யார் வருவார்? 

“நீங்க நல்லத எடுங்க ஹாஜியார். உங்களுக்கு வயலும் கூட,” என்றேன்.

“சே, பொம்புளப் புள்ளைக்கிட்ட ஒடஞ்சதக் குடுத்திட்டு நான் நல்லதக் கொண்டு போறதா? ஊரில என்னப் பத்தி என்ன செல்லுவாங்க? நீங்க எடுங்க.”

“மூத்தவர் நீங்க. நீங்கதான் எடுக்கணும்.”

“இல்ல புள்ள, ஒங்களுக்குத்தான் பன்றிக் கரைச்சல் கூட.”

இப்படி மரியாதையாகவே அரை மணித்தியாலம் போனது. சாஜன் தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் சேர்விசில துவக்குக்கு சண்டை பிடிக்கிற ஆக்கள் பாத்திருக்கு. வேணாம் எண்டு சண்டை பிடிக்கிறது இண்டைக்குத்தான் பாக்கிற,” என்றார்.

பிறகு அவர் படிவம் நிரப்ப என் முகவரியைக் கேட்டார். நான் ஊரின் பெயரைச் சொன்னேன். சாஜனின் பேனா நின்றது. கடிதத்தை எடுத்து மேலிருந்து கீழாக ஒருதரம் வாசித்தார். அக்கரைக்குக் கொடுக்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. திரும்பவும் எழுதத் தொடங்கினார்.

ஹாஜியாரும் என் ஊரின் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தவர், எழும்பிப் போய் வளையம் இல்லாத துவக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“நீங்க அங்கால போறவங்க. சத்தம் வாற துவக்கோட அங்க இரிக்க ஏலா. இத நான் எடுக்கன்,” என்றார்.

அந்த நாட்களில் எங்கள் தமிழ் ஊர்களுக்கும் அவர்களுடைய முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் நல்ல பேச்சு இருக்கவில்லை. இரண்டு பக்கமும் செத்த வீடுகள் இருந்தன. “ஹாஜியார்,” என்று மட்டும் சொன்னேன். அவர் கையை அசைத்துவிட்டுக் கையெழுத்து வைக்கப் போனார்.

நீலப்பூ உறைக்குள் துவக்கை வைத்துக்கொண்டு பின்னேரம் துறைக்கு வந்தேன். அங்கே இராணுவச் சோதனை. அக்கரைக்குக் கொண்டு போகக்கூடாத சாமான்களின் பட்டியல் ஒரு பலகையில் எழுதித் தொங்கியது. பற்றரி, சீமெந்து, யூரியா என்று நீளமான பட்டியல். சோதித்த சிப்பாய் என் கைப்பையிலிருந்து ரோச் லைற்றை எடுத்து, அதிலிருந்த இரண்டு பற்றரிகளையும் கழற்றி ஒரு பெட்டிக்குள் போட்டார். பிறகு உறையைத் தொட்டு, “மே மொக்கத?” என்று கேட்டார். இது என்ன என்று அர்த்தம்.

“துவக்கு,” என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன்.

அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். வந்த அதிகாரி கடிதத்தை வாசித்தார், துவக்கைப் பார்த்தார், பலகைக்கு முன்னால் போய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். துவக்கு என்று ஒரு வரி இல்லை. துவக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அனுமதி கேட்டு வருவார் என்று பட்டியல் எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். 

“போகலாம்,” என்றார். “பற்றரி மட்டும் தரமாட்டம்.”

பாதை என்று நாங்கள் சொல்லுகிற தட்டைப் படகில் கூட வந்தவர்கள் எல்லாரும் என்னை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றதில், பாதை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. பாதைக்காரர், “டீச்சர், நீங்க நடுவில நில்லுங்க,” என்று கெஞ்சினார்.

அக்கரையில் இயக்கத்தின் காவலரண். பொறுப்பாக இருந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். கடிதத்தை அவரும் முழுவதும் வாசித்தார். துவக்கை எடுத்து அந்த வளைவைத் தள்ளினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

“ரவை இருக்கா?”

“இல்ல.”

“இதுக்கு இனி ரவையும் எடுக்க ஏலா. இதக் கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?”

“பன்றி கலைக்க.”

“சத்தமும் வராதே டீச்சர்.”

“தெரியும்.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். தன் கொப்பியில் விபரம் எழுதி, ஒரு துண்டையும் கிழித்துத் தந்தார். இப்போது அந்தத் துவக்குக்கு இரண்டு பக்கத்து அனுமதியும் இருந்தது. “கவனமா வைச்சிருங்க. பழுதாப் போயிரும்,” என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த எட்டு மாதம் அது அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. ஒருவரும் வரவில்லை. பன்றிகளைத் தகரம் தட்டிக் கலைத்தோம். பிறகு என் கணவர் விடுமுறையில் வந்தார். குளித்துச் சாப்பிட்டவுடன் கேட்டது துவக்கைத்தான். உறையை உருவி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அங்குமிங்கும் திருப்பிப் பார்த்தார்.

“இதுதான். கண்ணைக் கட்டிட்டு விட்டாலும் சொல்லுவன்,” என்றார்.

“வளையம்?”

“வளையம் எப்பவும் இருந்ததே. போனில சொன்னன்தானே.”

அடுத்த நாள் பாடசாலையால் வந்தபோது, முற்றத்தில் பாயைப் போட்டு, தேங்காய் எண்ணெயும் பழைய பல்லுத்தூரிகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தாளில், கல்லுப் போல இறுகிப்போன களிமண் துண்டுகள்.

“குளவி உள்ளுக்கு கூடு கட்டியிருக்கு. அவ்வளவுதான்,” என்று சொல்லி, ‘கிளக், கிளக்’ என்று அடித்துக் காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அன்று பின்னேரமே அயலில் நாலு வீட்டுக்காரர் வந்து ஆளுக்கொரு தரம் அடித்துப் பார்த்தார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. “அது இறுகியே கிடந்திருக்கலாம்,” என்றேன். ஹாஜியாரின் கதையை அப்போதுதான் முழுவதும் சொன்னேன்.

“அவருக்குத் துவக்கைப் பத்தி என்ன தெரியும்?” என்றார்.

“ஒண்டும் தெரியா. எங்களைப் பத்தித் தெரியும்.”

அவர் அதற்குப் பிறகு துவக்கைத் தொடவில்லை. ஆனால் திருப்பி இறுக்கவும் சம்மதிக்கவில்லை. நன்றாக இருக்கிற பொருளைப் பழுதாக்கத் தன் கை போகாது என்றார். ஒரு மாதத்தில் கட்டாருக்குத் திரும்பினார்.

அவர் போன அடுத்த நாள் நான் மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சினேன். மேசை விரிப்புகளுக்கு மொடமொடப்பு ஏற்றுவதற்குப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த அதே கஞ்சி, மூன்று மடங்கு தடிப்பாக. அதில் சாம்பலும் மணலும் குழைத்து, அந்த வளைவு உள்ளே போகிற வெடிப்பெல்லாம் கரண்டியால் ஊற்றி, கிணற்றடியில் மூன்று நாள் வெயிலில் காயவிட்டேன். நாலாம் நாள் இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் ஏற்றிய கஞ்சிகளில் அதுதான் சிறந்தது.

அந்தக் கிழமையே காவலரணில் இருந்த அந்தக் கண்ணாடிக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். “உங்கட வீட்டில சத்தம் கேட்டதெண்டு கதைக்காங்க,” என்றார். துவக்கை எடுத்துக் கொடுத்தேன். தள்ளிப் பார்த்தார். பழையபடிதான்.

“அப்ப என்ன சத்தம்?”

“என்ட தையல் மெசினாக்கும்,” என்று சொல்லி, மெசினில் உட்கார்ந்து கொஞ்சத் தூரம் மிதித்துக் காட்டினேன். என் அதிர்ஷ்டம், அதுவும் எண்ணெய் போடாத பழைய மெசின். அவர் தலையை ஆட்டினார். போகும்போது, தன் சேட்டுக் கையில் கிழிந்திருந்த இடத்தைக் காட்டி, அதை ஒரு தையல் போட்டுத் தர ஏலுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

மழைக்குப் பிறகு பேச்சுவார்த்தை முறிந்து, சண்டை பழையபடி தொடங்கப்போகிறது என்று கதை வந்தது. துவக்குகளைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தலும் வந்தது. பொலிஸ் நிலையத்து வாங்கில் ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

“எப்பிடிப் புள்ள துவக்கு?” என்று கேட்டார்.

“நல்லா இறுகிக் கிடக்கு ஹாஜியார்.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“உங்கட?”

“அது நல்லா வேல செய்யிது. அதாலதான் எனக்கு ஒரு வருசமா ஒழுங்கான நித்திர இல்ல.” மில்லில் உமிக்குவியலுக்குள் அதைப் புதைத்து வைத்திருந்தாராம். உமி ஏற்ற லொறி வருகிற நாளெல்லாம் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைக்க வேண்டும். தவிட்டு மூட்டைக்குள், மாட்டுக் கொட்டிலில், ஒருதரம் தன் கட்டிலுக்கடியில். மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் இரண்டு கிழமை இருந்துவிட்டு வந்தாவாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“நான்தான் அத எடுத்திருக்கணும்,” என்றேன்.

“என்னத்துக்கு? ஒங்கட ஊரில எங்க புள்ள இவ்வளவு உமி?” என்றார்.

சாஜன் புதியவர். எங்கள் பெயர்களை எழுதி, துவக்குகளில் துண்டு கட்டினார். நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துவிட்டு, எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்தோம். ஹாஜியார் இரண்டு சீனி கூடப் போடச் சொன்னார். பிறகு அவருக்கு ஏறாவூர் பஸ் வந்தது.